தை மாதத்துப் பாதை

கனடாவில் தமிழ்க் கல்யாணங்களைப் படம் பிடித்து வரும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும், உங்கள் தொழிலில் முதியவன் ஒருவன் எழுதிக்கொள்வது.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாரி மழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, ஒழுங்கைகளிலும் வயல் வரம்புகளிலும் மறுபடியும் கால் வைத்து நடக்கத்தக்க பருவம் அதுவாதலால், அந்தப் பழமொழி நமது நிலத்துக்குச் சொல்லளவிலும் பொருளளவிலும் மெய்யாகவே இருந்தது. அதே தை மாதம், மார்கழியில் விலக்கி வைக்கப்பட்ட விவாகங்களையெல்லாம் ஒருங்கே அழைத்துக்கொண்டு ஒன்ராறியோ மாகாணத்துக்கு வரும்போது, வழிகள் அடைபடும் காலத்திலே வந்து சேருகிறது. 1999ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டிய நாட்களில், ரொறன்ரோவின் தெருக்களில் மலைபோற் குவிந்த பனியை அகற்ற மாட்டாமல், அக்காலத்து மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தின் உதவியை நாடியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2022ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி, அதாவது தை பிறந்த நான்காம் நாள், நகரின் சில பகுதிகளில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டி, பெருஞ்சாலைகள் மூடப்பட்டதை உங்களில் இளையவர்களும் கண்டிருப்பீர்கள். அது ஒரு திங்கட்கிழமையாய் இருந்தது நமது பாக்கியம். இரண்டு நாட்கள் முந்தி, சனிக்கிழமையன்று வந்திருக்குமானால், நம்மவர்களில் எத்தனை பேர் விடியற்காலை மூன்று மணிக்கு வானை முடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கியிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் என் நெஞ்சு நடுங்குகிறது.

இறங்கியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனெனில், கல்யாண வீட்டார் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, பனி கொட்டப்போகுது எண்டு சொல்லுறாங்கள், வந்திடுவீங்கள்தானே?" என்று கேட்கும்போது, "எப்படியும் வந்துவிடுவேன்" என்று நீங்கள் கொடுக்கும் விடை, நானும் என் தலைமுறையைச் சேர்ந்தவர்களும் முப்பது வருஷங்களாகக் கொடுத்து வந்த விடைதான். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இந்த மடலில் உங்களோடு பேச விரும்புகிறேன். அது எங்கிருந்து வந்தது, எத்தனை பேருடைய உயிரை அது பணயம் வைக்கிறது, அதனுடைய இடத்தில் வேறு எந்த வாக்கைக் கொடுக்கலாம் என்பவற்றை, கமராவைக் கீழே வைத்துவிட்ட ஒருவனே சற்று நிதானமாகச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

நான் இத்தொழிலை யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றிலே கற்றேன். எண்பதுகளில், ஊரடங்குச் சட்டத்துக்கும் ஷெல் வீச்சுக்கும் இடையிலே எஞ்சிய சில மணி நேரங்களுக்குள் நம்மவர்கள் கல்யாணங்களை நடத்தி முடித்த காலம் அது. பெண் வீட்டு வாசலில் பந்தற்கால் நட்டிருக்கும், மணவறை சோடித்திருக்கும். ஆனால் ஐயர் வருவாரோ, மேளகாரர் வருவாரோ, மாப்பிள்ளை தாமே வந்து சேருவாரோ என்பது தாலி கட்டும் வரையில் எவருக்கும் நிச்சயமில்லை. கமராப் பையை மார்போடு அணைத்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளை மிதித்து, பாதை மறித்திருந்தால் தோட்டங்களுக்குள்ளால் இறங்கி, நான்கு சுருள் பிலிமோடு அந்த வாசலில் போய் நின்றபோது, அந்தத் தாய்மார் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரையில் மறக்க மாட்டேன். எல்லாம் சிதறிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், இது நடந்தது என்று பின்னால் எடுத்துக் காட்டுவதற்கு ஒரு சாட்சி வந்துவிட்டது என்ற நிம்மதி அவர்களுடைய முகத்தில் தெரிந்தது. எப்படியும் வந்துவிடுவேன் என்ற வாக்கு எங்களுக்கு அங்கேதான் பிரதிக்ஞையாயிற்று. அதைக் கடல் கடந்து இங்கேயும் எடுத்து வந்து, எங்களிடம் தொழில் பழகிய உங்களுக்கும் கொடுத்தோம்.

ஆனால் அங்கே ஷெல் விழும் நேரத்தை முன்கூட்டி அறிவித்தவர் எவருமில்லை. இந்த நாட்டிலோ பனிப்புயல் பெரும்பாலும் தன் வருகையை அறிவித்துவிட்டே வருகிறது. மத்திய அரசின் வானிலைத் திணைக்களம் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே சொல்லத் தொடங்கி, நாள் நெருங்க நெருங்கத் தன் எச்சரிக்கையைத் திட்டப்படுத்துகிறது. பனிப்புயல் என்ற சொல்லையும் அத்திணைக்களம் வாய்க்கு வந்தபடி வழங்குவதில்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்துக்குக் குறையாத காற்றும், 400 மீற்றருக்கு மேல் கண் தெரியாத வெண்மூட்டமும், இந்தப் பகுதிகளில் நான்கு மணி நேரமாவது நீடிக்கும் என்று கண்டால்தான் அச்சொல்லைப் பயன்படுத்துகிறது. அங்கே எங்களுக்குத் தெரிவு இல்லை. ஆகவே எங்களுடைய துணிவுக்கு ஒரு நியாயம் இருந்தது. இங்கே வெள்ளிக்கிழமை பிற்பகலில் புறப்படலாம் என்ற தெரிவு இருக்கும்போது, ஞாயிறு அதிகாலையில் புயலுக்குள் புகுந்து செல்வதை அதே துணிவின் பெயரால் அழைப்பது, அந்த நாட்களுக்கும் நாம் செய்கிற துரோகமாகும்.

இதை நான் நன்மதியால் அறிந்துகொண்டவனல்லேன். ஒரு மாசி மாதம், சனிக்கிழமை இரவு ஸ்காபரோவில் ஒரு வரவேற்பு வைபவம் நள்ளிரவில் முடிய, ஞாயிறு காலை மொன்றியலில் ஒரு முகூர்த்தம் இருந்தது. ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் ஏறக்குறைய 540 கிலோமீற்றர்; நல்ல தெருவில் ஐந்தரை மணி, ஆறு மணி நேரப் பிரயாணம். இரண்டு வேலைகளையும் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், விட்டுவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்ற பயமும், என்னால் முடியும் என்ற கர்வமுமே தவிர வேறில்லை. விளக்குகளையும் முக்காலிகளையும் வானின் பின்புறத்தில் அடுக்கி, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே வார இறுதிகளில் என்னோடு வேலை செய்த இரு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, 401ஆம் நெடுஞ்சாலையிலே கிழக்கு நோக்கிப் புறப்பட்டேன். நப்பனியைத் தாண்டியபோது உறைமழை தொடங்கிற்று. கண்ணாடியில் விழும்போது வெறும் மழைபோலவே இருக்கும் அது, தெருவில் விழுந்ததும் பளிங்காகிவிடுகிறது. தார் கறுப்பாகவே தெரிவதனால், ஈரந்தான் என்று கண் நம்பிவிடுகிறது. கிங்ஸ்டனுக்கு அருகில் ஒரு மேம்பாலத்தைக் கடக்கும்போது, வான் என் கையை விட்டுத் தன் போக்கில் திரும்பத் தொடங்கியது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, இரு திசைச் சாலைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கி, நாங்கள் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் அடுக்கியிருந்த விளக்குப் பெட்டி ஒன்று பறந்து வந்து, பின் ஆசனத்தில் இருந்த பையனின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் யன்னல் ஓரத்தை இடித்து விழுந்தது. நாங்கள் ஒரு நிமிஷத்துக்கு முன்பு இருந்த தடத்திலே ஒரு பாரவூர்தி ஊதிக்கொண்டு கடந்து போயிற்று.

எவருக்கும் காயமில்லை. அந்தப் பையன் தன் தாய்க்குத் தொலைபேசி எடுத்து, "ஒண்டுமில்லையம்மா, கொஞ்சம் சுணங்கும்" என்று சொன்னதை நான் கேட்டேன். கேட்டும், நான் என்ன செய்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்: இழுவை வண்டி ஒன்று எங்களைத் தெருவில் ஏற்றிவிட்டவுடன் கிழக்கு நோக்கியே தொடர்ந்து சென்றேன். கன்னிகாதானம் முடிந்து, மணமகள் கூறை மாற்றி வருவதற்குப் போயிருந்த வேளையில் மண்டபத்துக்குள் நுழைந்து, கெட்டிமேளம் கொட்டியபோது தாலி கட்டும் படத்தை எடுத்தேன். "அண்ணை எப்படியும் வந்திடுவார் எண்டு தெரியும்" என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியைப் பல வருஷங்கள் நான் ஒரு பதக்கம்போல அணிந்து திரிந்தேன். உங்களில் சிலருக்கு அந்தக் கதையை வீரக் கதையாகவே சொல்லியுமிருக்கிறேன். அப்படிச் சொன்னதற்காக இன்று உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பையன் பின்னர் இத்தொழிலை விட்டுவிட்டார். தமது கல்யாணத்துக்குப் படம் எடுக்க என்னையே அழைத்தவர், நாளை ஆவணி மாதத்தில் வைத்திருந்தார். ஏன் தையில் வைக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, "உங்களை அந்தத் தெருவில கூப்பிட விருப்பமில்லை அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தெரு எங்களுக்கு மட்டும் கொடியதாய் இருந்ததென்று எண்ணாதீர்கள். கிங்ஸ்டனுக்குக் கிழக்கே லான்ஸ்டவுன் அருகில், 2017ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி, பனிப்பொழிவிலே வாகனங்கள் ஒன்றையொன்று மோதி, பாரவூர்தியொன்றில் ஏற்றி வந்த அமிலம் தெருவிலே சிந்தி, ஒரு சாரதி உயிரிழந்தார். 2020ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் தேதி, மொன்றியலின் தென்கரையிலே லா பிரேரி என்னுமிடத்தில், பட்டப்பகலில், காற்று வாரி வீசிய பனியினால் திடீரென்று கண் மறைந்துபோக, ஏறக்குறைய 200 வாகனங்கள் சிக்கிய விபத்திலே இருவர் மாண்டனர். வடக்கே பரி நகரத்துக்குச் செல்லும் 400ஆம் நெடுஞ்சாலையின் சுபாவம் இன்னொரு விதமானது. ஹியூரோன் ஏரியும் ஜோர்ஜிய விரிகுடாவும் உறைவதற்கு முன்னர், குளிர்ந்த வடமேற்குக் காற்று அவற்றின் மேலாக வரும்போது நீரின் வெதுவெதுப்பையும் ஈரத்தையும் முகந்துகொண்டு, கரையேறியதும் அதை ஒடுங்கிய பட்டைகளாகக் கொட்டிவிடுகிறது. அதனால் ஒரு மைல் தூரம் வெயிலும் அடுத்த மைலில் முழுக் குருட்டுத்தனமுமாக அந்தப் பாதை மாறி மாறி வரும். உங்கள் வீட்டு யன்னலால் ஆகாயத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் புறப்படுவது, மண்டப வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே வெளிச்சம் எப்படியென்று தீர்மானிப்பதற்கு ஒப்பானது.

வெளிச்சத்தை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த நாம், தெருவை அதில் நூற்றில் ஒரு பங்குகூட அறியாமலிருக்கிறோம் என்பது எனக்கு வெகுகாலமாக மனவருத்தம் தரும் விஷயம். ஒரு லென்ஸுக்கு ஈராயிரம் டொலர் கொடுக்கத் தயங்காத நமது தம்பிமார், நான்கு பனிக்கால ரயர்களுக்குக் காசு கொடுக்கும்போது கணக்குப் பார்க்கிறார்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கித் தெருவைப் பற்றும் சக்தியை இழந்துவிடுகிறது. தரையில் ஒரு துளி பனியும் இல்லாத நாளிலும் இது நிகழும். கியூபெக் மாகாணம் தன்னிடம் பதிவான கார்களுக்கு 2008ஆம் ஆண்டு முதல் பனிக்கால ரயரைக் கட்டாயமாக்கி, இப்போது டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 வரையில் அந்தச் சட்டத்தை நடத்தி வருகிறது. நமது ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆயினும் அவற்றைப் பூட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டுமென்று 2016ஆம் ஆண்டு முதல் விதியுண்டு. காப்புறுதி என்றதும் இன்னொன்று ஞாபகத்துக்கு வருகிறது: சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வானில் தொழிலுக்குச் செல்வதைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காதவர்கள் நம்மில் பலர் உண்டு. விபத்து நேர்ந்த பிறகு அதை அவர்கள் கண்டுபிடித்தால், உங்களுடைய நட்டம் மட்டுமன்றி, உங்களோடு வந்தவருடைய நட்டமும் உங்கள் தலையில் விழக்கூடும்.

தெருவில் உப்புத் தூவியிருக்கிறார்கள் என்று நிம்மதி கொள்வோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உப்பு எல்லாக் குளிரிலும் ஒரேவிதமாக வேலை செய்வதில்லை. பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பாகை போய்விட்டால் அதன் வலிமை குன்றிவிடுகிறது. நமது கல்யாண விடியற்காலைகளில் சில அந்தக் குளிரில்தான் விடிகின்றன. பாலங்களோ, மேலும் கீழும் காற்றுப் படுவதனால், மற்றத் தெருவுக்கு முன்பே உறைந்துபோகின்றன. நான் சுழன்றதும் ஒரு பாலத்திலே என்பதைக் கவனித்திருப்பீர்கள். நெடுஞ்சாலையில் பனியகற்றும் வண்டிகள் நீல விளக்குகளோடு தடத்துக்கு ஒன்றாக அணிவகுத்துச் செல்லும்போது, நேரமாகிறதென்று அவற்றுக்கிடையே புகுந்து முந்த நினைப்பதைப் போன்ற மதியீனம் வேறில்லை. அன்றைக்கு இந்த மாகாணத்திலேயே நல்ல தெரு அவற்றின் பின்னால்தான் இருக்கிறது.

போகும் பிரயாணத்தைப் பற்றியே இதுவரை பேசினேன். உண்மையில் என்னை அதிகம் பயமுறுத்துவது திரும்பும் பிரயாணமே. போகும்போது முகூர்த்தம் என்ற ஒரு பதற்றம் நம்மை விழிக்க வைத்திருக்கிறது. மணமகளின் வீட்டுக்கு அதிகாலை நான்கு மணிக்குப் போய், தலையலங்காரத்திலிருந்து தொடங்கி, மண்டபத்துச் சடங்குகள், பிற்பகலில் பூங்காப் படங்கள், இரவில் வரவேற்பு, உரைகள், நடனம் எல்லாம் முடிந்து விளக்குகளை மடித்து வானில் ஏற்றும்போது மணி ஒன்றாகிவிடுகிறது. பதினேழு, பதினெட்டு மணி நேரம் கண் மூடாதிருந்தவனுடைய கையும் கண்ணும் மது அருந்தியவனுடையவை போலத் தடுமாறும் என்று மருத்துவர்கள் நிறுவியிருக்கிறார்கள். நாம் இருபது மணி நேரத்துக்குப் பிறகு உறைந்த தெருவில் ஏறுகிறோம். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி சனிக்கிழமை இரவு, கிறிஸ்தவக் குடும்பமொன்றின் கல்யாண விருந்து முடிந்து நான் மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது, மரங்களெல்லாம் கண்ணாடி போர்த்தி நின்றன. மறுநாள் விடிவதற்குள் கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்து, ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகள் இருளில் மூழ்கின. அன்றைக்கு நான் வீடு செல்லாமல் மண்டபத்துக்கு எதிரில் இருந்த விடுதியில் ஓர் அறை எடுத்து, என் உதவியாளர்களோடு படுத்துக்கொண்டேன். இத்தொழிலில் நான் செய்த புத்தியான காரியங்களில் அதை முதலாவதாகக் கருதுகிறேன்; அதற்காக என்னை எவரும் புகழவில்லை.

உதவியாளர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். இந்த மடலை எழுதத் தூண்டியதே அவர்களைப் பற்றிய கவலைதான். நாட்சம்பளத்துக்கு வரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் அவர்கள். இந்தத் தெருவில் போக வேண்டாம் அண்ணா என்று சொல்லும் ஸ்தானத்தில் அவர்கள் இல்லை. சொன்னால் அடுத்த கல்யாணத்துக்குத் தம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பயந்தவன் என்ற பெயர் வரும் என்பதும் தெரியும். ஆகையால் அவர்களுடைய மௌனத்தைச் சம்மதமென்று கொள்ளுவதற்கு நமக்கு உரிமையில்லை. உங்கள் உயிரை உங்கள் கௌரவத்துக்காகப் பணயம் வைப்பதாயின், அதைப் பற்றி உங்களோடு வாதாட எனக்கு அதிகாரம் இல்லாதிருக்கலாம். பின்னாசனத்தில் தூங்கிக்கொண்டு வரும் இன்னொரு தாயின் பிள்ளையை அவ்விதம் பணயம் வைக்க உங்களுக்கும் அதிகாரம் இல்லை. புறப்படுவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் வாய் திறந்து கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அன்றைய சம்பளத்தைக் கொடுத்து வீட்டில் நிற்க விடுங்கள். விளக்குப் பெட்டிகளைப் பட்டி போட்டு இறுக்கிக் கட்டாமல் அவரைப் பின்னால் உட்கார வைக்காதீர்கள்.

வழியில் அகப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பையன்களுக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதையும் கண்டிருக்கிறேன். வாகனத்தை விட்டு இறங்கி வெளிச்சம் தெரியும் திசையில் நடக்கக் கூடாது. வெண்மூட்டத்தில் நூறு யார் தூரமும் திசை தப்பிவிடும். பின்புறத்துப் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கையாலாவது தோண்டி விலக்கி, ஒரு யன்னலைச் சிறிது திறந்து வைத்துக்கொண்டு, மணிக்குப் பத்து நிமிஷமளவில் மட்டும் இயந்திரத்தை ஓட்டிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். குழாய் அடைபட்டிருந்தால், நிறமோ மணமோ இல்லாத காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு உள்ளே நிறைந்து, நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். 2022ஆம் ஆண்டு நத்தாரை ஒட்டி, நயாகராவுக்கு அப்பால் பஃபலோ நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாக்கிய பனிப்புயலில் 40க்கு மேற்பட்டோர் மாண்டபோது, வாகனங்களுக்குள்ளேயே இறந்து கிடந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அது நம்மிடமிருந்து இரண்டு மணி நேரத் தூரம். அரைத் தாங்கி எரிபொருளும், ஒரு மண்வெட்டியும், இரண்டு கம்பளியும், ஆளுக்கொரு போத்தல் தண்ணீரும், ஒரு பொதி பிஸ்கட்டும் கமராப் பைகளுக்கு முன்பே வானில் ஏற வேண்டும்.

இனிக் கல்யாண வீட்டாரிடம் வருவோம். அவர்களைக் குறை சொல்லி நான் எழுதப் போவதில்லை. பிள்ளையின் வாழ்நாளில் ஒரு முறை நிகழும் சடங்கைப் பற்றி அவர்கள் பதைபதைப்பது இயல்பு. ஆனால் மணவறைப் பூவுக்கும் சாக்லட் ஊற்றுக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்களிடம், முந்திய இரவு மண்டபத்துக்கு அருகில் தங்குவதற்கு ஓர் அறை வேண்டும் என்று கேட்க நாம் கூசுகிறோம். பக்கத்து ஸ்ரூடியோக்காரர் அதைக் கேட்காமல் வருவார் என்று அஞ்சுகிறோம். நாமெல்லாரும் ஒன்றாகக் கேட்டால் கேளாதவர் எவரும் இருக்க மாட்டார். மார்கழி தொடங்கிப் பங்குனி முடியும் வரையில், நூறு கிலோமீற்றருக்கு அப்பாற்பட்ட ஒவ்வொரு வேலைக்கும் முன்னிரவுத் தங்கலை ஒப்பந்தத்தின் முதற் பக்கத்திலேயே எழுதுங்கள். காவற்றுறை தெருவை மூடிவிட்டால் நீங்கள் வர மாட்டீர்கள் என்பதையும், அப்போது உங்கள் பெயரில் வேறொருவர் வந்து படம் எடுப்பார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

அந்த வேறொருவரைப் பற்றி ஓர் அநுபவம். மொன்றியல் சம்பவத்துக்குச் சில வருஷங்களின் பின், பரி நகரத்துக்கு அப்பால் ஒரு தை மாதக் கல்யாணம். 400ஆம் நெடுஞ்சாலையில் பாதி வழியில் வெண்திரை விழுந்தது. இம்முறை நான் அடுத்த வெளியேறு பாதையில் இறங்கி, ஒரு கோப்பிக் கடையின் வாசலில் வானை நிறுத்திவிட்டு, பரியில் குடியிருந்த, அதுவரை எனக்குப் போட்டியாளராயிருந்த ஒரு படப்பிடிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசாமல், பத்து நிமிஷத் தூரத்திலிருந்த மண்டபத்துக்குப் போய், தாலி கட்டியதையும் மாலை மாற்றியதையும், அம்மி மிதித்து அருந்ததி காட்டியதையும் எடுத்தார். நான் இரண்டு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். அவ்வீட்டார் பேசிய பணத்தில் பாதியைத் தரவில்லை. மணமகளின் தந்தையார் என்னோடு முகங்கொடுத்துப் பேசவுமில்லை. அது எனக்கு மனத்தாங்கல் தரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கல்யாணத்தின் தாலிப் படம் என்னுடைய எந்தப் படத்துக்கும் குறையாத நல்ல படம். அதை எடுத்தவரும், எடுக்காத நானும், என்னோடு வந்த இரு பிள்ளைகளும் அன்றிரவு அவரவர் வீட்டில் உறங்கினோம்.

அந்த நாளிலிருந்து என் வாக்கை மாற்றிக்கொண்டேன். எப்படியும் வந்துவிடுவேன் என்று சொல்லுவதை நிறுத்தி, உங்கள் கல்யாணம் படம் பிடிக்கப்படும் என்று சொல்லத் தொடங்கினேன். அந்த வாக்கை ஒருவன் தனியே காப்பாற்ற முடியாது. அதனால்தான் உங்களெல்லாருக்கும் இதை எழுதுகிறேன். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் பிரம்டனிலும் பரியிலும் கிங்ஸ்டனிலும் ஒட்டாவாவிலும் மொன்றியலிலும் நம்முடைய தொழிலைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எந்தெந்தச் சனி ஞாயிறுகளில் யார் யாருக்கு வேலையில்லை, யாருடைய வீட்டிலிருந்து எந்த மண்டபம் அண்மையில் இருக்கிறது, திடீரென்று அழைத்தால் என்ன சம்பளம் என்பவற்றை ஒரே தாளில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டால், எவரும் உறைமழைக்குள் புறப்பட வேண்டிய நிர்ப்பந்தம் இருக்காது. மாற்றாக வருபவர் வாடிக்கைக்காரரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார் என்ற அச்சம் உங்களுக்குள் இருப்பதை அறிவேன். இருபது வருஷங்களுக்கு முன் எனக்கும் இருந்தது. மாற்றாக வருபவர் தமது பெயர் அட்டையை அந்த மண்டபத்தில் எவருக்கும் கொடுப்பதில்லை என்று நாமே ஒரு நியமம் செய்து, அதை மீறியவரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும்.

கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, ஸ்காபரோவில் உங்களுக்கெல்லாம் தெரிந்த என் பழைய ஸ்ரூடியோவின் பின்னறையைத் திறந்து வைத்திருப்பேன். தேநீர் இருக்கும். தை, மாசி மாதங்களுக்கு நீங்கள் ஒப்புக்கொண்ட தேதிகள் எழுதிய நாட்குறிப்பைக் கையோடு கொண்டு வாருங்கள். உங்கள் உதவியாளர்களையும் அழைத்து வாருங்கள்.